டெல்டாவில் வீடு கட்டுவோருக்கு: பட்டாவில் தொடங்கிப் பத்திரம் திரும்பும் வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் எத்தனை கீற்றுக் கூரைகள் மிஞ்சின என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அடுத்த சில மாதங்கள், வீடு கேட்டு வருவோருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போது ஒன்று தெளிவாகப் புரிந்தது. பெரும்பாலான குடும்பங்கள் இரண்டே இடங்களில்தான் சிக்கிக்கொள்கின்றன. முதலாவது, மனைக்கு உரிய காகிதம். இரண்டாவது, அரசு தரும் தொகைக்கும் கொத்தனார் சொல்லும் தொகைக்கும் நடுவே இருக்கும் பள்ளம். அந்தப் பள்ளத்தை எந்தக் கடனைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தே, புது வீட்டில் குடும்பம் நிம்மதியாகத் தூங்குமா, வட்டிக்காரருக்குப் பயந்து விளக்கை அணைத்துக்கொண்டு உட்காருமா என்பது அமைகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டுமானத்தைப் பற்றிக் குறைவாகவும், காகிதத்தையும் கடனையும் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: மனை யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்

காவிரிப் படுகையில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்ணையில் வேலை செய்தவர்களின் குடிசைகள் மிராசுதாரரின் நிலத்திலேயே இருந்தன; அவர் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் ஒரு குடிசைக்குள்தான். அதன் பிறகு, 1971-இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்கள் உரிமை வழங்கல் சட்டம் வந்தது. முதலில் இயற்றப்பட்டபோது அந்தச் சட்டம், 1971 ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கியது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பு இதே மண்ணில் நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்களின் பேரிலேயே, நிலம் பெற்றுத் தந்தது. இவையெல்லாம் பழைய கதைகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடியிருப்புச் சட்டத்தின்படி அன்று தாத்தாவுக்குக் கொடுத்த தாள் இன்றும் தகரப் பெட்டியில் மடித்துக் கிடக்க, வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறாமலேயே இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பயணம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மனையின் வகையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (ஊரின் ஒவ்வொரு நிலமும் எந்த வகை, யாருடையது என்று காட்டும் ஏடு) பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை இணையத்திலும் எடுக்கலாம்; இ-சேவை மையத்தில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். மனை உங்கள் பேரிலேயே பட்டாவாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தாத்தா பேரிலோ அப்பா பேரிலோ இருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, உடன்பிறந்தவர்களோடு பேசி, பாகப்பிரிவினைப் பத்திரமோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, பிறகு உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், அதற்கு நாளாகும். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டே வீட்டைக் கட்டிவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடத்துவதைவிட இந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்வது மேல். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் பட்டா தொடர்பான மனுக்களை நேரில் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

ஆதிதிராவிடர் நலத் துறை வழியாகவோ வருவாய்த் துறை வழியாகவோ இலவச மனைப் பட்டா பெற்றவர்கள், அந்த ஒப்படைப்பு ஆணையில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். விற்பதற்கும் அடமானம் வைப்பதற்கும் அதில் கட்டுப்பாடுகள் இருக்கும். வங்கியின் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அந்த ஆணையைத்தான்.

கோயில் மனையிலும் மடத்து மனையிலும் குடியிருப்போர் நிலை கடினமானது. டெல்டாவில் எத்தனையோ தெருக்கள் அடிமனையில் நிற்கின்றன. சுவர் நம்முடையது, மண் கோயிலுடையது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். எனவே அடிமனை வாடகை ரசீதை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. 'அந்த ரசீதை வைத்தே கடன் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வாடகையைப் பாக்கியில்லாமல் செலுத்தி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வேறிடத்தில் இலவச மனை கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, குளக்கரை ஆகியவற்றில் குடியிருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் பட்டா கிடைக்காது. ஆகவே மாற்று மனை கேட்பதுதான் பயன் தரும் வழி.

மனையைப் புதிதாக வாங்குவோருக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. நஞ்சையை நிரவிக் கல் நட்டு விற்கும் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தவே அரசு 2017-இல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பின் தோன்றிய அங்கீகாரமற்ற மனைக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: பள்ளம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

கிராமத்தில் குடிசையில் வாழ்பவர்களுக்கு இப்போதுள்ள பெரிய திட்டம் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வீடு ஒன்றுக்கு 3,50,000 ரூபாய். 360 சதுர அடியில் வீடு அமைய வேண்டும். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016-இல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது. அதில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படை உதவித்தொகை 1,20,000 ரூபாய், வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர். இவற்றோடு ஊரக வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் சேரும் வகையில் அந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தன் பங்காகத் தனித் தொகையும் தருகிறது.

பட்டியலில் பெயர் சேர்வது கிராம சபையில்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பயனாளிகள் பட்டியல் வாசிக்கப்படும் நாளில் நேரில் போய் உட்காருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் ஊராட்சிச் செயலரைத் தனியாகப் பார்த்துச் சொல்வதற்கு அந்த வலு கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 3,50,000 ரூபாயை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 972 ரூபாய் வருகிறது. உங்கள் ஊர்க் கொத்தனார் இருவரிடம், கடைக்கால் (அடித்தளம்) முதல் பூச்சு வரை சதுர அடிக்கு என்ன ஆகும் என்று தனித்தனியே கேட்டு, அந்தத் தொகையிலிருந்து 972-ஐக் கழித்து, 360-ஆல் பெருக்குங்கள். உதாரணமாகக் கொத்தனார் 1,500 என்று சொன்னால், பள்ளம் 528 பெருக்கல் 360, அதாவது ஏறத்தாழ 1,90,000 ரூபாய். இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வானம் (கடைக்காலுக்கான குழி) தோண்டிய பிறகு இந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்கள்தான் நூற்றுக்கு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று வாங்கினார்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கிறது; அது ஆண்டுக்கு 36 சதவீதம்.

பள்ளத்தைக் கடனில்லாமல் குறைக்கவும் இடமுண்டு. பழைய வீட்டின் கதவு, நிலை, சன்னல்களைத் திரும்பப் பயன்படுத்தலாம். குடும்பத்து ஆட்கள் சித்தாள் வேலை பார்க்கலாம். திண்ணையும் கூடுதல் அறையும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடலாம். கடைக்காலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நம் களிமண் மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். வானத்தில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி அதன் மேல் கடைக்கால் போடுவதும், தெருவில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் தடத்துக்கு மேலே தரைமட்டத்தை உயர்த்துவதும், லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில், வீட்டைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓட்டுவதும் இங்கே அவசியம். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்புத் தண்ணீரைக் கலவைக்குச் சேர்த்தால் கம்பி துருவேறிக் கூரை உதிரும்.

மூன்றாம் படி: கடன் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊரில் கடன் கொடுக்க ஐந்து வகையான வாசல்கள் இருக்கின்றன: பொதுத்துறை மற்றும் தனியார் வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வீட்டு வசதி நிதி நிறுவனங்கள், மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள், கடைசியாகத் தனியார் வட்டி. இந்த வரிசையிலேயே முயன்று பாருங்கள். மேல் வாசலில் 'இல்லை' என்று எழுத்தில் வாங்காமல் கீழ் வாசலுக்கு இறங்காதீர்கள்.

வங்கிக்குள் நுழையும்போது பிச்சை கேட்கப் போவதாக நினைக்க வேண்டாம். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வரையறைப்படி, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில், மொத்த மதிப்பு 44 லட்சத்தைத் தாண்டாத வீட்டுக்கு, 35 லட்சம் ரூபாய் வரையிலான கடன் இந்தக் கணக்கில் சேரும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எல்லாம் இதற்குள் வரும். உங்கள் இரண்டு லட்சம் அந்த வங்கிக்கும் தேவைப்படும் கடன்தான். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரை தருவதற்கு விதி இடம் கொடுக்கிறது.

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து சொந்த மனையும் இருந்தால் கட்டுவதற்கு உதவித்தொகை கேட்கலாம். 9 லட்சம் வரை வருமானம் உள்ளவர்கள் வட்டி மானியம் கேட்கலாம். 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 1,80,000 ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும்.

விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியவை: தாய்ப்பத்திரமும் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) நடப்புப் பத்திரமும், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது), அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு, வருமானத்துக்கான ஆதாரம். வரைபட அனுமதி இப்போது எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறும் முறையை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. வருமான ஆதாரம்தான் கூலிக்காரருக்குச் சிக்கல். ஓராண்டுக்கு முன்பிருந்தே வருகிற பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; ஆட்டு வியாபாரமோ, தையலோ, பால் ஊற்றுவதோ எதுவானாலும் அந்தக் கணக்கில் தெரியட்டும். முடிந்தால் மனையையும் வீட்டையும் வீட்டுப் பெண்ணின் பேரில் வையுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டணம் மிச்சமாவதைவிடப் பெரிய காரணமும் உண்டு. கடனுக்கு ஆளாகி வீட்டை விற்பதென்று ஆண்கள் முடிவெடுக்கும் நாளில், அவள் கையெழுத்தில்லாமல் அது நடக்காது.

நான்காம் படி: மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடனுக்காக நகரங்களின் வரைபடம் போட்டபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் காட்டி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தார்கள். அந்த வழக்கத்தை உடைக்க அவர்களுக்கு 1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டமும், 1977-இல் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டமும் தேவைப்பட்டன. நம் ஊரில் யாரும் வரைபடத்தில் சிவப்புப் பூசியதில்லை. ஆனால் தெருவின் பெயரைக் கேட்டதும் மேசைக்கு அப்பால் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஒருமுறை ஒரு நிதி நிறுவனத்துக்கு ஒரு தம்பதியை அழைத்துப் போனேன். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. முகவரியைப் படித்த பிறகு, "அந்தப் பக்கம் நாங்கள் செய்வதில்லை" என்றார்கள். காரணம் கேட்டோம், வாய்வழியாகக்கூட ஒன்றும் வரவில்லை. அன்று எழுத்தில் கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் கொடுப்பதில் பால், சாதி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2003-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நியாய நடைமுறை நெறிகள் சொல்கின்றன. விண்ணப்பம் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டும். மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை எப்போதும் எழுத்தில் கொடுங்கள், தேதியிட்ட முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சில் மறுத்தால், 'என் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் ஏற்கப்படவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று இரண்டு வரி எழுதிப் பதிவுத் தபாலில் கிளை மேலாளருக்கு அனுப்புங்கள். இந்த இரண்டு வரி வந்த பிறகு கோப்பை மறுபடி திறந்து பார்த்த கிளைகளை நான் அறிவேன்.

'சிபில் இல்லை', அதாவது கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் கடன் வரலாறு இல்லை, என்று சொல்லி அனுப்பினாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். முதல்முறை கடன் கேட்பவருக்குக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக்கூடாது என்பது 2025 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல். வரலாறு இருந்து அதில் தவறு இருந்தால், கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெற்றுத் திருத்தம் கேட்கலாம். 30 நாளுக்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக ஆதாரைக் கொடுத்து எடுத்த குழுக் கடன் உங்கள் பேரில் பாக்கியாக நிற்பது இந்த அறிக்கையில்தான் தெரியவரும்.

ஐந்தாம் படி: கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கொடுக்கும் எந்தக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது கட்டாயம். தமிழில் கேளுங்கள். அந்தத் தாளை வாங்கியவுடன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த பிள்ளைகளிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். அந்தத் தாளில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

அதில் தேட வேண்டிய எண் 'ஆண்டு சதவீத விகிதம்'. வட்டி, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்ந்து கடன் உண்மையில் எவ்வளவுக்கு வருகிறது என்பதை அந்த ஓர் எண் காட்டும். ஓர் உதாரணம். இரண்டு லட்சம் ரூபாய், 14 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 4,654 ரூபாய். ஆனால் பரிசீலனைக் கட்டணம் 6,000, காப்பீடு 8,000 என்று பிடித்துக்கொண்டு 1,86,000-ஐத்தான் கையில் கொடுக்கிறார்கள் என்றால், நீங்கள் கட்டும் தவணை அதே 4,654. உண்மையான விகிதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இன்னொரு நிறுவனம் கட்டணமே இல்லாமல் 15 சதவீதம் என்று சொன்னால், 15-தான் மலிவு.

'நிலை வட்டி' என்ற சொல் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு லட்சத்துக்கு 12 சதவீத நிலை வட்டி, மூன்று ஆண்டு என்றால், 36,000 வட்டி சேர்த்து மாதம் 3,778 ரூபாய் கட்டுவீர்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போனாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் வட்டிக் கணக்கில் இது 21 சதவீதத்துக்குச் சமம்.

மேலும் சிலவற்றை அந்தத் தாளிலும் ஒப்பந்தத்திலும் சரிபாருங்கள். பணம் உண்மையில் கைக்கு வந்த நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும்; அனுமதித்த நாளிலிருந்தோ, காசோலையில் எழுதிய நாளிலிருந்தோ பிடிப்பதை 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கண்டித்து, பிடித்ததைத் திருப்பித் தரச் சொன்னது. தவணை தவறினால் அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அறுவடைக் காலத்தில் கையில் பணம் வரும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி விதி பெரிய உதவி.

தவணைத் தேதியையும் பேசி வாங்குங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவுக் கூலி. பிறகு சம்பா நடவு, களை. தை, மாசியில் அறுவடை. பங்குனியிலிருந்து வைகாசி வரை பல வீடுகளில் வருமானமே இராது. வங்கி மாதத் தவணைதான் கேட்கும் என்றாலும், தை, மாசியில் மூன்று மாதத் தவணையை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்தால் சித்திரையில் தடுமாற வேண்டியிருக்காது.

குழுக் கடனால் பள்ளத்தை நிரப்புவோருக்குத் தனி விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடனை 2022 முதல் ரிசர்வ் வங்கி நுண்கடன் என்று வரையறுத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மாதம் 16,000 வருமானம் என்றால் 8,000-க்கு மேல் தவணை சேரும்படி கடன் கொடுக்கக்கூடாது. இதை ஏமாற்ற வருமானத்தைக் கூட்டி எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். அந்தப் பொய்யின் பாரம் எழுதச் சொன்னவர் மேல் விழாது. குழுவில் உங்களோடு உட்கார்ந்திருக்கும் நான்கு பெண்கள் மேல்தான் விழும்.

ஆறாம் படி: கட்டும்போது

திட்டத் தொகையும் வங்கிக் கடனும் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகத்தான் வரும். எனவே ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓவர்சியரிடம் சொல்லிப் படம் எடுக்கச் செய்து, பதிவு ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தவணை வரும்வரை கடையில் கடனுக்கு சிமெண்ட் எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். மாசி அறுவடை முடிந்ததும் வானம் தோண்டினால் ஐப்பசி மழைக்குள் கூரை போட்டுவிடலாம். ஆவணியில் தொடங்கியவர்களின் சுவர்கள் கூரையில்லாமல் மழையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: தவணை தவறினால்

தவறப்போகிறது என்று தெரிந்தவுடன், தவறுவதற்கு முன்பே, கிளைக்கு எழுத்தில் தெரிவித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. நுண்கடனில் காலை 9 முதல் மாலை 6 வரைதான். வீட்டு வாசலில் கூட்டம் கூட்டுவதும், உறவினரிடம் அவமானப்படுத்துவதும் விதிமீறல். தேதி, நேரம், பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஈடு வைத்த சொத்தை வங்கி சர்ஃபேசி சட்டத்தின்படி (நீதிமன்றம் போகாமலேயே ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு இடம் தரும் சட்டம்) எடுக்க முனைந்தால், முதலில் 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வரும். அதை வாங்காமல் திருப்பி அனுப்பினால் எதுவும் நின்றுவிடாது. ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். பிறகு சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தின் வழியாக எடுக்க முடியாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம்.

வங்கியோ நிதி நிறுவனமோ புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியிடம் முறையிட வேண்டும்.

எட்டாம் படி: கடன் முடிந்த நாள்

கடைசித் தவணை கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்ததும் பலர் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பத்திர ஒப்படைப்பு ஆவணம் அப்போதும் வில்லங்கத்தில் நின்றுகொண்டிருக்கும். வங்கி அதிகாரியை வரவழைத்து ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அது நீங்கும். அதன்பின் வில்லங்கச் சான்றை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பத்திரம், ரசீது ஆவணம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில், மகளுக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.